சாக்ஸபோன் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கல்யாண வீடுகளில் நாகசுரம் குறைந்துகொண்டே வருவது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். எழுதியவர் நிறைய அலைந்திருக்கிறார், மாட்டுத்தாவணிப் பக்கத்து மண்டபங்கள் வரைக்கும் போய் மேளக்காரர்களிடம் பேசியிருக்கிறார், அதெல்லாம் சரி. ஆனால் சுற்றி வளைத்துக் கடைசியில் எல்லாப் பழியையும் கொண்டுபோய் சாக்ஸபோன் தலையில் கட்டிவிட்டார். வெளிநாட்டு வாத்தியம் வந்தது, நம்ம வாத்தியம் போனது, அவ்வளவுதான் கணக்கு. படித்துவிட்டு நான் வீட்டுக்குள் புலம்பிக்கொண்டே திரிந்ததைப் பார்த்து, "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், பேப்பர்காரங்களுக்கு எழுதிப் போடுங்க" என்று என் வீட்டம்மா சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதாக இருந்தால் என் சொந்தக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், சார்லி மரியானோ பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் சோழவந்தான்காரன். அப்பா நாயனக்காரர். எங்கள் வீட்டில் நாகசுரம் என்றோ நாதஸ்வரம் என்றோ யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நாயனம்தான். ஜெனகை மாரியம்மன் கோயில் திருவிழா, சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, சித்திரை மாதம் வந்தால் மதுரையில் ஏதாவது ஒரு மண்டகப்படி என்று அவர் காலம் ஓடியது. நானும் ஆறு வருஷம் கற்றேன். வர்ணம் வரைக்கும் வந்துவிட்டு, அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு, ஊதுகிற நாணல் தட்டையான சீவாளியைக் கழற்றி டப்பாவில் போட்டவன், இன்றுவரை எடுக்கவில்லை. ஆகவே வித்துவான் என்ற உரிமையில் நான் பேசவில்லை, பாதியில் விட்டவன் என்ற உரிமையில்தான் பேசுகிறேன்.

மரியானோ யார் என்று உங்கள் வாசகர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 2010 வாக்கில் என் அக்கா மகன் ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்கு வேலைக்குப் போனான். அவன் குடியிருந்த கட்டடத்தில் கீழ் வீட்டில் ஒரு வயதான அம்மா, இவன் தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் முதலில் கேட்ட கேள்வியே "நாகசுரம் தெரியுமா?" என்பதுதானாம். பையன் ஆடிப்போய்விட்டான். தாத்தா நாயனக்காரர் என்று சொன்னதும் அந்த அம்மா உள்ளே போய் இரண்டு இசைத்தட்டை எடுத்து வந்து காட்டி, இந்த ஊரில்தான் இருந்தார், போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தார் என்றாராம். அவர்தான் சார்லி மரியானோ. ஜாஸ் இசையில் பெயர் பெற்ற ஆல்டோ சாக்ஸபோன்காரர், சோப்ரானோ சாக்ஸபோனும் வாசிப்பார், புல்லாங்குழலும் வாசிப்பார். இதற்கெல்லாம் மேலே, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நம்ம நாயனத்தைக் கையில் எடுத்த மனிதர்.

1923ஆம் வருஷம் நவம்பர் 12ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன குடும்பம். வீட்டில் வைத்த பெயர் கார்மினே ஊகோ மரியானோ, ஊர் கூப்பிட்டது சார்லி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்தில் பேண்டு வாசித்தார். போர் முடிந்து திரும்பியதும் பாஸ்டனிலேயே அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு இசைப் பள்ளியில் சேர்ந்தார். ஷில்லிங்கர் ஹவுஸ் என்று இருந்த அந்தப் பள்ளிக்கூடம்தான் பிற்பாடு பெர்க்லி என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியது, இன்றைக்கு நம் சினிமாக்காரர்கள் பிள்ளைகளை அனுப்பத் துடிக்கிற அதே பெர்க்லி. மரியானோ அங்கே மாணவராகவும் இருந்தார், பிற்பாடு வாத்தியாராகவும் இருந்தார்.

அந்தக் காலத்தில் ஆல்டோ சாக்ஸபோன் கையில் எடுத்த எந்தப் பையனுக்கும் ஒரே சாமி, சார்லி பார்க்கர். ராஜரத்தினம் பிள்ளை தோடி கேட்டபிறகு ஊர் ஊருக்கு நாயனக்காரர்கள் தோடியை அவர் மாதிரியே இழுக்கப் பார்த்தார்கள் என்று அப்பா சொல்வார், அந்த மாதிரி. மரியானோவும் அந்த வழியில்தான் தொடங்கினார். 1953இல் ஸ்டான் கென்டன் என்பவருடைய பெரிய இசைக்குழுவில் சேர்ந்தார், அதில்தான் பெயர் வெளியே தெரிந்தது. பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஷெல்லி மான் என்ற டிரம்ஸ் கலைஞரோடு சில வருஷம். ஜப்பானிலிருந்து பெர்க்லிக்குப் படிக்க வந்திருந்த பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை 1959இல் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து ஒரு குழு நடத்தினார்கள், ஜப்பானிலும் கொஞ்ச காலம் இருந்தார்கள். 1963இல் டோக்கியோவில் பிறந்த மகள் மிச்சிரு இன்றைக்கு அவரே ஒரு பாடகி. அந்தக் கல்யாணம் நீடிக்கவில்லை, 1967இல் பிரிந்துவிட்டார்கள். அது அவர்கள் சொந்த விஷயம், நமக்கெதற்கு.

1963 பற்றி இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஜனவரி 20ஆம் தேதி நியூயார்க்கில் சார்ல்ஸ் மிங்கஸ் என்ற ஜாஸ் இசையமைப்பாளர் பதினோரு பேரை வைத்து ஒரு நீண்ட படைப்பைப் பதிவு செய்தார். ஜாஸ் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இதுவரை வந்த பெரிய இசைத்தட்டுகளில் ஒன்று என்பார்கள். மிங்கஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை, கோபம் வந்தால் மேடையிலேயே வாசிப்பை நிறுத்தித் திட்டுகிறவர், அந்த இசைத்தட்டின் உறைக்குள் ஒரு பகுதியைத் தன் உளவியலாளரைவிட்டு எழுத வைத்தவர். அப்படிப்பட்டவர், எல்லாரும் வாசித்து முடித்த பிறகு மரியானோவை மட்டும் தனியாக வரச்சொல்லி, பதிவான இசைக்கு மேலேயே இன்னொரு தடவை ஆல்டோவை வாசிக்க வைத்துச் சேர்த்தார். அழுகை மாதிரியும் சண்டை மாதிரியும் இருக்கும் அந்த வாசிப்பு. ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத என் மனைவியே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

இத்தனைக்கும் பிறகுதான் மலேசியா. மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்க அமெரிக்க அரசாங்கம் இவரை அனுப்பியது. அங்கே வைத்துத்தான் நாகசுரம் காதில் விழுந்தது. மலேசியாவுக்கு நாயனம் எப்படிப் போனது என்று மதுரை, ராமநாதபுரம் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டத்துக்கு நம் ஆட்களைக் கப்பலேற்றியபோது மாரியம்மனும் கூடப் போனாள், அவள் போன இடத்துக்குத் தவிலும் நாயனமும் போயின. என் பெரியப்பாவே பினாங்கில் ஒரு கோயிலுக்கு ஒப்பந்தத்தில் வாசிக்கப் போய் மூன்று வருஷம் கழித்துத் திரும்பியவர், ஒரு டிரான்சிஸ்டரோடும் இரண்டு கம்பளியோடும். அவர் போனது மரியானோ அங்கே இருந்த காலம் இல்லை, அவசரப்பட்டு முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் அவர் மாதிரி ஒரு ஆள், கோயில் சம்பளத்துக்கு வாசிக்கிற ஒரு சாதாரண மேளக்காரர், அவர் ஊதிய ஊதல்தான் பாஸ்டன்காரரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறது. சபா மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

அவர் திரும்பிப் பார்த்ததோடு நிற்கவில்லை, உட்கார்ந்து கற்க ஆரம்பித்தார். பிறகு 1970களில் தென்னிந்தியாவுக்கே வந்து மாதக்கணக்கில் தங்கிக் கற்றார். இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு சாக்ஸபோன்காரர் நாயனத்துக்கு வருவது காரோட்டி பஸ் ஓட்ட வருகிற மாதிரி இல்லை. சாக்ஸபோனில் துளைக்குத் துளை மூடி உண்டு, விரல் விசையை அழுத்தினால் மூடி விழும், சுரம் தன் இடத்தில் வந்து நிற்கும். நாயனத்தில் துளை வெறும் துளை. ஏழு துளையை வைத்துக்கொண்டு அரை விரல், கால் விரல் திறந்து, உதட்டை இறுக்கித் தளர்த்தி, மூச்சைக் கூட்டிக் குறைத்துத்தான் மற்ற சுரம் எல்லாம், சுரத்தை அசைத்து வளைக்கிற கமகமும் அதிலேதான். சாக்ஸபோனில் ஊதுகிற இடத்தில் ஒற்றைத் தட்டை, அது மவுத்பீஸில் திருகி அடக்கமாக இருக்கும். சீவாளி இரட்டை, நாணலை வெட்டிப் பதம் பண்ணிச் செய்தது. எச்சில் கூடினாலும் பேசாது, குறைந்தாலும் பேசாது, வெயிலுக்கு ஒரு குணம், மழைக்கு ஒரு குணம். அப்பா நாயனத்தின் மேல் முனையில் தொங்கவிட்டிருக்கும் ஊசியை எடுத்துச் சீவாளி வாயைத் திருத்திக்கொண்டே இருப்பார், கோயிலில் சாமி புறப்பாடு தயாராகிவிட்டது, குருக்கள் தீபாராதனைத் தட்டோடு நிற்கிறார், இவர் ஊசியும் கையுமாக இருப்பார். முதல் ஆறு மாதம் எனக்குச் சத்தமே வரவில்லை, வந்தது எருமைக்கன்று கத்துகிற மாதிரி வந்தது. எனக்கு அப்போது பத்து வயது, வெட்கம் தெரியாது. மரியானோவுக்கு வயது நாற்பதுக்கு மேல், கென்டன் குழுவிலும் மிங்கஸ் குழுவிலும் வாசித்தவர், பெர்க்லியில் வாத்தியார். அந்த ஆள் திரும்பவும் எருமைக்கன்று மாதிரி ஊதத் தயாராக இருந்தார் பாருங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். அவர் ஒரு நாளும் தன்னை நாகசுர வித்துவான் என்று சொல்லிக்கொண்டு கச்சேரிக்கு உட்காரவில்லை. எடுத்தவுடனே தோடி ஆலாபனை, பட்டு வேஷ்டி, சந்தனம் என்று இறங்கியிருந்தால் நம் பத்திரிகைகளே முதல் பக்கத்தில் போட்டிருக்கும். அவர் தன் ஜாஸ் வேலைக்குள் நாயனத்துக்கு ஒரு இடம் கொடுத்தார், அவ்வளவுதான். ஜெர்மனியில் எம்பிரியோ என்ற ராக் குழுவோடு 1973 வாக்கில் வாசித்த இசைத்தட்டில் அது இருக்கிறது. 1975இல் எபர்ஹார்ட் வெபர் என்ற ஜெர்மன் பாஸ் கலைஞரோடு வாசித்த இசைத்தட்டில் சோப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகசுரம் மூன்றும் வாசித்திருக்கிறார். உறையில் "நாகசுவரம்" என்றே ஆங்கில எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நம் கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் "மங்கள வாத்தியம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், வாசிக்கிறவர் பெயர்கூடக் கிடையாது. சமையல்காரர் பெயர் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, கொலோன் அம்மா காட்டிய அந்த இரண்டு இசைத்தட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்தான். அப்பாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது, இடது காது கேட்காது. திண்ணையில் உட்காரவைத்து வலது காதில் மட்டும் ஒரு குமிழை மாட்டி வெபர் இசைத்தட்டில் நாயனம் வருகிற இடத்தைப் போட்டோம். யார், எந்த ஊர் என்று எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி போடச் சொன்னார். அப்புறம் சொன்னார்: "கை இன்னும் வரல. ஆனா மூச்சு இருக்கு. யாருகிட்ட படிக்கிறான்?"

அந்தக் கேள்விதான் எனக்கு இன்றுவரை காதில் நிற்கிறது. வெள்ளைக்காரர், எண்பத்தைந்து வயதில் இறந்துபோனார் என்று நாங்கள் சொன்ன பிறகும் அப்பா முகத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருக்கு அது வெள்ளைக்காரன் வாசிப்பாகப் படவே இல்லை, நல்ல மூச்சுள்ள, கை திருந்த வேண்டிய ஒரு சிஷ்யப்பிள்ளையின் வாசிப்பாகத்தான் பட்டது. அதைவிட மரியாதை என்ன இருக்கிறது?

இரண்டாவது இசைத்தட்டு, 1983இல் வந்தது. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு மரியானோ சேர்ந்து செய்தது. ஆர்.ஏ. ராமமணி பாட்டு, மணி மிருதங்கம், கடமும் கஞ்சிராவும் உண்டு. இதில் அவர் சாக்ஸபோனும் புல்லாங்குழலும்தான். அப்பா இதைக் கேட்டுக்கொண்டே தொடையில் தாளம் போட்டார். ராமமணி அம்மா ஒரு சங்கதி பாட, பின்னாலேயே சாக்ஸபோன் வந்து அதைத் தொட்டுக்கொண்டு போகும். நம்ம ஆள் மாதிரி நடிக்காது, ஒதுங்கியும் நிற்காது, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் சுறுசுறுப்பாகப் பரிமாறுகிற ஆள் மாதிரி புகுந்து புறப்படும். அப்பா சொன்னார், "இதுதான் அவன் வாத்தியம். நாயனம் படிச்ச மூச்சை இங்க கொண்டாந்து வச்சிருக்கான் பாரு." எனக்கு அந்த அளவுக்குக் காது கிடையாது. ஆனால் 1950களில் அவர் வாசித்ததையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகிற வித்தை எங்கிருந்து வந்தது என்று என் மாதிரி அரைகுறைக்கும் புரிகிறது.

அப்புறம் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார். ஜெர்மனியில் யுனைட்டெட் ஜாஸ் அண்ட் ராக் குழுவில் பல வருஷம் வாசித்தார், பெங்களூர்க் குழுவோடு உறவும் விடவில்லை. 2009 ஜூன் 16ஆம் தேதி கொலோனில் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். சாக்ஸபோன் நாகசுரத்தை விரட்டிவிட்டது என்கிறாரே, இந்த நாட்டில் சாக்ஸபோனைக் கல்யாண வீட்டுக்குள் கொண்டுவந்தது யார்? கத்ரி கோபால்நாத். அவர் யார் பிள்ளை? மங்களூர்ப் பக்கத்தில் ஒரு நாகசுர வித்துவானுடைய பிள்ளை. அவரும் நாயனத்தில் தொடங்கியவர்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கி, அதில் கமகம் வர வேண்டும் என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டி, விசைகளையே மாற்றி அமைத்து, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் வந்து படித்துத் தேறியவர். 1994இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி நடத்தும் ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார், 2004இல் பத்மஸ்ரீ, 2019 அக்டோபரில் காலமானார். மரியானோ சாக்ஸபோனிலிருந்து நாயனத்துக்குப் போனார், கத்ரி நாயனத்திலிருந்து சாக்ஸபோனுக்கு வந்தார். எதிரும் புதிருமாக ஒரே ரோட்டில் போன ஆட்கள். ரோடு இருந்ததால்தானே போக முடிந்தது?

வாத்தியத்துக்கு ஊர், சாதி பார்த்து விரட்டுவதென்றால் வயலினை என்ன செய்வது? பாலுசுவாமி தீட்சிதர் காலத்துக்கு முன்னால் அது வெள்ளைக்காரர் வாத்தியம்தான். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரே கும்பினிக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு நோட்டுசுவரம் எழுதியிருக்கிறார். கிளாரினெட் சதிர் நடனக் கச்சேரியில் எத்தனை காலம் இருந்தது! ஏ.கே.சி. நடராஜன் அதே கிளாரினெட்டைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார், அவரும் நாகசுரம் படித்தவர். இவ்வளவு ஏன், கல்யாண ஊர்வலத்தில் நாயனக்காரர்கள் "இங்கிலீஷ் நோட்டு" வாசிக்கவில்லையா? சின்ன வயதில் நாங்கள் அப்பாவிடம் கேட்டு வாங்குவதே அதுதான், கீர்த்தனை யாருக்கு வேண்டும். 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள் படத்தில் நம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நோட்டுக்குத்தானே கொட்டகையில் விசில் பறந்தது!

சாக்ஸபோனைப் பித்தளை வாத்தியம் என்று எழுதியிருந்தது, அதையும் திருத்துங்கள். உடம்பு பித்தளை, ஆனால் ஊதுகிற இடத்தில் நாணல் தட்டை இருப்பதால் அதை மரக்காற்று வாத்தியங்களோடுதான் சேர்ப்பார்கள். பெல்ஜியக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846இல் அதற்குக் காப்புரிமை வாங்கியபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். அந்தத் தட்டை வெட்டுவதும் ஒரு வகை நாணலிலிருந்துதான். நாணலும் நாணலும் பேசிக்கொள்ளும், நடுவில் நாம்தான் வழக்குப் போடுகிறோம்.

நாயனம் ஏன் குறைகிறது என்று நான் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் சொந்தத்தில் ஒரு கல்யாணம், மதுரையில் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய மண்டபம், பெயர் வேண்டாம். மேளத்துக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், நல்ல செட்டு, திருப்பரங்குன்றம் பக்கத்து ஆட்கள். மண்டபத்துக்காரர்கள் அவர்களுக்கு ஒதுக்கிய இடம் வாசலில் ஜெனரேட்டர் ரூம் ஓரம். மேடைக்குப் பக்கத்தில் போட்டால் வீடியோவில் குறுக்கே வருவார்களாம். ஜெனரேட்டர் ஒரு சுருதி, இவர்கள் ஒரு சுருதி. உள்ளே ரிசப்ஷனுக்கு வந்த டிஜே பையன் சோதனை பார்க்க ஸ்பீக்கரைப் போட்டதும் ஒரு பெரிய மனிதர் வந்து மேளக்காரரிடம் கையைக் காட்டி "கொஞ்சம் நிறுத்திக்கங்க" என்றார். கல்யாணி ராகம் பாதியில் நின்றது. மூத்தவர் நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தாலி கட்டும் நேரத்தில் அதே பெரிய மனிதர் ஒரு விரலைத் தூக்கி ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்துகிறார். பந்தியில் மேளக்காரர்கள் கடைசிப் பந்தி, பாயசம் தீர்ந்துவிட்டது. கூலியில் ஐநூறு ரூபாய் பிடித்தம், கேட்டால் "சாப்பாடு போட்டோம்ல" என்கிறார்கள். நான் என் கையிலிருந்து கொடுத்தேன், அதை அவர் வாங்கிக்கொண்ட விதத்தில் எனக்குத்தான் கூசிப்போனது.

அந்த மண்டபத்தில் சாக்ஸபோன் எங்கே இருந்தது சொல்லுங்கள்? இல்லவே இல்லை. அப்படியே சாக்ஸபோன் வைக்கிற வீடுகளிலும் பாருங்கள், அந்த ஆளுக்கு மேடை போடுகிறார்கள், மைக் கொடுக்கிறார்கள், முதல் பந்தியில் உட்காரவைக்கிறார்கள். அவர் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறார். இன்னொருவருக்கு ஜெனரேட்டர் ரூம் ஓரத்தைக் காட்டியது அவரில்லையே.

அந்தத் திருப்பரங்குன்றத்து மூத்தவருடைய பேரன் பி.காம். படிக்கிறான், கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறானாம். நான் என்ன புத்தி சொல்வது, நானே டப்பாவில் போட்டவன். அதே பையன் பசுமலை அரசு இசைக் கல்லூரிப் பக்கம் நாள் தவறாமல் பஸ்ஸில் போய் வருகிறவன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை என்று தாத்தா சொன்னார்.

ஆகவே என் வேண்டுகோள், உங்கள் கட்டுரையாளரை ஒருமுறை சோழவந்தானுக்கு அனுப்புங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேர் பஸ் இருக்கிறது. அப்பா 2014இல் போய்விட்டார். அவருடைய குட்டையான திமிரி நாயனம் ஒன்றும் நீளமான பாரி நாயனம் ஒன்றும் வீட்டில் இருக்கின்றன. மரியானோ வாசித்ததை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன், கத்ரியும் இருக்கிறது. 2023 நவம்பரோடு மரியானோ பிறந்து நூறு வருஷம் ஆனது, நம் பக்கத்துப் பத்திரிகை எதிலும் ஒரு துண்டுச் செய்திகூட என் கண்ணில் படவில்லை. இப்போதாவது அரைப் பக்கம் ஒதுக்கினால் நல்லது. எழுதும்போது "வெளிநாட்டவரைக் கவர்ந்த நம் பாரம்பரியம்" என்று மட்டும் தலைப்பு வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. மலேசியாவில் கோயில் வாசலில் வாசித்துக்கொண்டிருந்த மேளக்காரரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாற்பது வருஷத்து வாசகன்,
சோழவந்தான்.

பி.கு.: கட்டுரையோடு பெரிதாக ஒரு படம் போட்டு, கீழே "நாகசுரத்தின் இடத்தைப் பிடித்த சாக்ஸபோன்" என்று எழுதியிருந்தீர்கள். படத்தில் அந்தத் தம்பி கையில் வைத்திருப்பது கிளாரினெட்.